கொள்ளை நோயும் கிராமத் திருச்சபையும்: நிஜாம் அரசில் விசுவாசம் சோதிக்கப்பட்ட விதம்

செகந்திராபாத்தில் ஆஷாட மாதந்தோறும் நடைபெறும் போனாலு விழாவின் தோற்றக் கதை 1813-ஆம் ஆண்டுக் காலராவோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. உஜ்ஜயினிக்குச் சென்றிருந்த படைப்பிரிவில் பல்லக்குத் தூக்கியாக இருந்த ஒருவர், நகரில் நோய் தணிந்தால் மகாகாளியைக் கொண்டுவந்து நிறுவுவதாக நேர்ந்துகொண்டார் என்பது மரபு. தெலங்கானாவில் கொள்ளை நோய் வெறும் உடற்கேடாகக் கருதப்படவில்லை. அது தெய்வத்தின் வருகையாகவும் கோபமாகவும் உணரப்பட்டது. பெரியம்மைக்குப் போசம்மா அதிபதி. நோய் வந்தால் ஊர் முழுவதும் கூடிப் பலியிட்டு அவளைத் தணிவிக்க வேண்டும்.

இந்தப் பின்னணியை விடுத்து, ஹைதராபாத் அரசின் கிராமங்களில் கிறித்தவ விசுவாசம் துன்பத்தினூடே எவ்வாறு நிலைத்தது என்ற வினாவுக்கு விடை காண இயலாது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இங்கே ஞானஸ்நானம் பெற்றோரில் மிகப் பெரும்பான்மையினர் மாலா, மாதிகா சமூகத்தினர். அம்மன் சடங்கில் இவ்விரு சமூகத்தாருக்கும் விலக்க முடியாத பங்கு உண்டு. தப்பு என்னும் பறையை அறைவதும், பலிக்குப் பிந்தைய பணிகளைச் செய்வதும் அவர்களது பிறப்புவழிக் கடமைகளாகக் கொள்ளப்பட்டன. நிலவுடைமையாளருக்கு ஊதியமின்றி உழைக்கும் வெட்டிச் சாக்கிரியைப் போலவே இதுவும் ஊர் ஒழுங்கின் ஓர் உறுப்பு. ஆகவே, 'நான் கிறித்தவன், பறை அறையமாட்டேன்' என்று ஒருவர் மறுத்தால், அது அவருடைய தனிப்பட்ட நம்பிக்கையாக மட்டும் கருதப்படவில்லை. ஊரின் பாதுகாப்பையே குலைக்கும் செயலாகப் பார்க்கப்பட்டது. அடுத்த வாரமே காலரா வந்தால் பழி அவர் தலையில் விழும். அதைத் தொடர்ந்து வேலை மறுப்பும் கிணறு மறுப்பும் அடியும் வரக்கூடும். அவரது அச்சம் இருமுனை கொண்டது. ஒன்று நோயைப் பற்றியது; மற்றது ஊரைப் பற்றியது.

இந்த நிலத்தில் திருநெல்வேலித் தமிழரின் மிஷனெரிப் பணி 1903-இல் பாளையங்கோட்டையில் நிறுவப்பட்ட இந்திய மிஷனெரி சங்கத்தோடு தொடங்குகிறது. திருநெல்வேலிச் சபைகளின் காணிக்கையாலும் திருநெல்வேலி ஊழியர்களாலும் இயங்கிய அச்சங்கம் தெரிந்துகொண்ட களம், நிஜாம் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல் பகுதி. சங்கத்தை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா (1874–1945), வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தவர். 1909-இல் அவரே அக்களத்துக்குச் சென்றார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவின் தூய பவுல் பேராலயத்தில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். மொழி புதிது, உணவு புதிது, காய்ச்சலும் புதிது. தெலுங்கு கற்றுக்கொண்டுதான் அவர் போதிக்க வேண்டியிருந்தது.

அசரியாவின் முறையில் இன்றைய வாசகர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விசுவாசத்தை ஆழ்ந்த உள்ளுணர்வாக மட்டும் அவர் கருதவில்லை. கிராமந்தோறும் ஓர் உபதேசியார், மாலைதோறும் கூட்டு ஜெபம், எழுத்தறியாதோரும் மனத்தில் பதித்துக்கொள்ளும்படி கற்பிக்கப்பட்ட விசுவாசப் பிரமாணமும் பத்துக் கட்டளைகளும் கர்த்தருடைய ஜெபமும், தெலுங்கு மெட்டுகளில் பாடல்கள் என்று அன்றாட ஒழுங்கொன்றை அவர் அமைத்தார். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் பேய்களெனச் சுட்டி, அவற்றை எதிர்ப்பதையும் சபையின் பணியாக்கினார். அவருடைய துணைவியார் அன்பு மரியம்மாள் பெண்களிடையே பணியாற்றினார். நோயாளியின் பக்கத்தில் முதலில் அமர்வோர் பெண்களே என்பதால் அப்பணியின் எடை பெரிது.

நோய் வரும் இரவில் தனிமனிதனின் மனத்திடம் போதுமானதன்று. அம்மனுக்கு ஊர் முழுவதும் கூடிச் செய்யும் சடங்குக்கு எதிராக ஒரு வீட்டின் மௌன ஜெபம் நிற்க முடியாது; இன்னொரு கூட்டம், இன்னொரு பாட்டு, இன்னொரு ஒழுங்கு தேவைப்பட்டது. மாலைக் கூட்டம் அந்த இடத்தை நிரப்பியது. அம்மனுக்கு அஞ்சாதே என்ற போதனையைக் காட்டிலும், பயப்படும் நேரத்தில் எங்கே போவது, யாரை அழைப்பது, எதைச் சொல்லி மன்றாடுவது என்ற தெளிவே அவர்களைத் தாங்கியிருக்கக்கூடும்.

தோர்ணக்கலுக்கு மேற்கே, வெஸ்லியன் மெதடிஸ்டுகளின் மேதக் பகுதியில் இதே வினா வேறு வடிவில் எழுந்தது. சார்லஸ் வாக்கர் பாஸ்னெட் எழுப்பிய மேதக் பேராலயம் 1924 டிசம்பர் 25 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது; பஞ்சத்தில் வாடியோருக்கு வேலையும் உணவும் கிடைக்கச் செய்த பணியாக அது இன்றும் நினைவுகூரப்படுகிறது. நிஜாமாபாத் அருகே திச்பள்ளியில், இசபெல் கெர் என்னும் மருத்துவர் தம் கணவரோடு சேர்ந்து தொழுநோயாளருக்கான இல்லத்தை உருவாக்கினார். ஊரும் உறவும் விலக்கியோரைத் தொட்டுப் புண் கட்டிய இடம் அது. சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்ற ஏளனம் இத்தகைய பணிகளைத் தொடர்ந்தே வந்தது. 1933-இல் வெளியான ஜே. வாஸ்கம் பிக்கெட்டின் கூட்டு மதமாற்ற ஆய்வு இதற்கு ஒரு விடை அளித்தது: மக்கள் எந்த நோக்கத்தோடு வந்தார்கள் என்பதைவிட, வந்தபின் அவர்களுக்குக் கிடைத்த போதனையும் வழிபாட்டு ஒழுங்குமே அவர்களது பிற்கால வாழ்வைப் பெரிதும் தீர்மானித்தன என்பதே அதன் சாரம்.

ஆயினும் இந்த வரலாற்றை வெற்றிக் கதையாக முடித்துவிட முடியாது. மேதக் திருமண்டலத்தின் கிராமச் சபைகளைக் கள ஆய்வு செய்து பி. ஒய். லூக், ஜான் கார்மன் ஆகியோர் எழுதிய நூல் 1968-இல் வெளிவந்தது. நோயும் அச்சமும் நெருக்கும் வேளைகளில் கிறித்தவக் குடும்பங்கள் ஜெபத்தோடு பழைய தெய்வங்களையும் நாடியதை அது மறைக்காமல் பதிவு செய்தது. இதை விசுவாசத் தோல்வி என்று கூறுவது எளிது. ஆனால் அம்மை கண்ட குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு, 'இரு எசமானர்' என்ற இறையியல் சிக்கல் முதன்மையானதன்று. அவள் கிறிஸ்துவை விட்டுவிடவில்லை. கிறிஸ்து தன் குழந்தையைக் காப்பார் என்பதை உறுதிப்படுத்திக்கொள்ள அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. ஊர் விழாவுக்குப் பறை அறைய மறுத்த அதே குடும்பம், தன் வீட்டு நோய்க்கு இரகசியமாகக் காணிக்கை வைத்திருக்கவும் கூடும். முன்னது அடிமைத்தனத்துக்கு எதிரான மறுப்பு. பின்னது அச்சத்தின் குரல். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பது வரலாற்றுக்கு நியாயம் செய்யாது.

பெரியம்மை மறைந்தது; 1977-இல் இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் இம்மக்களின் சோதனை அதற்கு முன்னரே வேறொரு வடிவம் எடுத்திருந்தது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதித் தகுதியைத் தொடக்கத்தில் இந்துக்களுக்கு மட்டுமே வரையறுத்தது. பின்னர் 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரான மாலா, மாதிகா மக்கள் ஆந்திரத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலின் 'சி' பிரிவில் வைக்கப்பட்டனர். பாட்டனின் முன் நின்ற கேள்வி, காலரா இரவில் பலிக்குச் செல்வதா வேண்டாமா என்பது. பேரனின் முன் நிற்பது, கல்லூரி விண்ணப்பத்தில் மதம் என்னும் கட்டத்தில் எதை எழுதுவது என்பது.

இரண்டு கேள்விகளிலும் விசுவாசம் என்பது மனத்துக்குள் நிகழும் ஒப்புதலாக மட்டும் இல்லை. அதற்கு ஒரு விலை இருக்கிறது. அவ்விலையை அவர்களுக்காக நிர்ணயித்தவர்கள் எப்போதும் பிறரே. பெயரும் பதிவும் இன்றி மறைந்த அந்த உபதேசியார்களையும் தாய்மார்களையும் திருச்சபை வரலாற்றின் விளிம்பிலிருந்து நடுவுக்குக் கொண்டுவரும்போதுதான், தென்னிந்தியக் கிறித்தவம் துன்பத்தை எதிர்கொண்ட விதம் முழுமையாகப் புலப்படும்.