டாங்க்ல ஒடுக்கு: உள்ளே ஈயம், வெளியே டூகோ

யாராவது முகத்துல பவுடரை அப்பிக்கிட்டு கல்யாணத்துக்கு வந்து நின்னா, 'என்ன, பட்டி டிங்கரிங் எல்லாம் முடிஞ்சுதா?'ன்னு கலாய்க்கிறது நம்ம ஊர் வழக்கம். இந்த 'பட்டி', 'டிங்கரிங்', கூடவே 'டூகோ' இதெல்லாம் எங்கேர்ந்து வந்த வார்த்தைகள்னு நான் போன மாசம் வரைக்கும் யோசிச்சதே இல்லை. யோசிக்க வச்சது ஒரு பெட்ரோல் டாங்க்.

வீட்டுல 1970கள்ல வாங்கின ஒரு புல்லட் இருக்கு. டாங்கோட இடது பக்கம் எலுமிச்சம்பழம் உக்கார்ற அளவுக்கு ஒரு ஒடுக்கு, அதைச் சுத்தி கோடு கோடா கீறல். கழட்டி ஒரு சாக்குல சுத்தி, புதுப்பேட்டை பக்கம் சந்துக்குள்ள இருக்கற டிங்கர் கடைக்குக் கொண்டு போனேன். பாய் டாங்கை மடியில வச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் கணுவால இங்க ஒரு தட்டு, நாலு அங்குலம் தள்ளி இன்னொரு தட்டு. சத்தம் ரெண்டும் வேற வேற. "சார், இதுல ஏற்கெனவே யாரோ கை வச்சிருக்காங்க"ன்னார்.

கத்தி முனையால சுரண்டிக் காட்டினார். மேல கறுப்பு. அடியில சாம்பல் கலர் பிரைமர். அதுக்கும் அடியில மெரூன். அப்புறம் தகடு வரணும் இல்லையா? வரலை. மங்கின வெள்ளி மாதிரி ஒண்ணு வந்தது. கத்தி அதுல வெண்ணெய்ல இறங்கற மாதிரி இறங்குச்சு.

"ஈயம் சார். அந்தக் காலத்து ஆளு, பட்டி போடலை."

கடைப் பையனுக்குப் பதினெட்டு பத்தொன்பது வயசு இருக்கும். கையில வாட்டர் பேப்பரை எடுத்து அந்த இடத்தைத் தண்ணி தொடாம வரட்டு வரட்டுன்னு தேய்க்க ஆரம்பிச்சான். நான் "தம்பி நிறுத்து நிறுத்து"ன்னு கத்தினதும் ரெண்டு பேரும் என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. ஏன் கத்தினேன்னு அங்க நின்னு முழுசா சொல்ல முடியலை. இங்க சொல்றேன்.

மோட்டார் சைக்கிள் வந்த புதுசுல டாங்கை ரிப்பேர் பண்றது சுலபமான வேலை. ஃப்ரேமோட மேல் குழாய்கள் ரெண்டுக்கும் நடுவுல தொங்கற ஒரு தட்டையான தகரப் பெட்டிதான் அது. மடிச்சு, ஓரத்தைப் பத்த வச்ச பெட்டி. நசுங்கினா பத்து வச்சதை உருக்கிப் பிரிச்சு, தட்டி, மறுபடி பத்த வச்சுடலாம். ஊர் ஊராப் போய்ப் பாத்திரத்துக்கு ஓட்டை அடைக்கிறவருக்கு இங்கிலீஷ்காரன் வச்ச பேர்தான் டிங்கர். நம்ம தெருவுல ஈயம் பூசறவர் வருவாரே, அவரோட அந்த ஊர் அண்ணன்!

1920கள்ல கதை மாறிடுச்சு. ஹார்லி டேவிட்சன் 1925-ல கண்ணீர்த் துளி வடிவ டாங்கைக் கொண்டு வந்தான். பிரிட்டிஷ் கம்பெனிகளும் அந்தப் பத்தாண்டு முடியறதுக்குள்ள, குதிரை முதுகுல சேணம் வைக்கிற மாதிரி ஃப்ரேம் குழாய் மேல கவுத்து வைக்கிற டாங்குக்கு மாறிட்டாங்க. அழகு கூடுச்சு, பெட்ரோலும் அதிகம் பிடிச்சுது. ஆனா டிங்கர் பாடு திண்டாட்டம். வெளிப்பக்கம் வளைவு, அடிப்பக்கம் குழாய்க்காக ஒரு குடைவு, ரெண்டையும் சேர்த்து வெல்டிங் பண்ணியாச்சு. உள்ள போக வழி ரெண்டே ரெண்டு: பெட்ரோல் ஊத்தற வாய், கீழ டேப் மாட்டற ஓட்டை. கார் மட்கார்டு ஒடுக்குன்னா உள்பக்கம் இரும்புக் கட்டையை அண்டக் கொடுத்து வெளியிலேர்ந்து தட்டலாம். டாங்க்ல எதை எங்க கொடுக்கறது?

அதனால ஆளாளுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. வாய் வழியா வளைஞ்ச கம்பியை விட்டு உந்தறது. ஒடுக்கு நடுவுல ஒரு கம்பியைப் பத்த வச்சு இழுக்கறது. அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்துல ஜன்னல் மாதிரி வெட்டி, உள்ள கட்டையை விட்டுத் தட்டி, ஜன்னலைத் திரும்ப மூடறது. இந்த மூணாவதுதான் உத்தமம், ஆனா நேரமும் கூலியும் அதிகம். காத்து அடிச்சு உப்ப வைக்கலாம்னு சில பேர் கிளம்புவாங்க. வேண்டவே வேண்டாம். ஒடுக்கு நிமிர்றதுக்கு முன்னாடி டாங்க்ல தட்டையா இருக்கற பக்கம் உப்பிடும், இல்லேன்னா தையல் பிரிஞ்சுடும்.

இதெல்லாம் முடியாதப்ப, இருக்கற பள்ளத்தை ஈயத்தால நிரப்பறது. சுத்த ஈயம் இல்லை. நூத்துக்கு எழுபது காரீயம், முப்பது வெள்ளீயம். இந்தக் கலவைக்கு ஒரு விசேஷம்: 183 டிகிரியில உருக ஆரம்பிக்கும், ஆனா முழுசா தண்ணியா ஆகறதுக்கு 250 டிகிரிக்கு மேல போகணும். நடுவுல அது பிசைஞ்ச மாவு பதம். டார்ச்சை லேசா காட்டிக்கிட்டே, கொழுப்பு தடவின மரக்கரண்டியால வழிச்சு வழிச்சுப் பூசி, ஆறினதும் அரத்தால ராவி வளைவைக் கொண்டு வரணும். சூடு கொஞ்சம் கூடினா அத்தனையும் வழிஞ்சு காலடியில விழுந்துடும். ஒழுங்கா போட்ட ஈயம் விரியாது, உதிராது. என் டாங்க்லயே பல வருஷம் நின்னிருக்கே.

சரி, டூகோ?

முதல் உலகப் போர் முடிஞ்சப்ப அமெரிக்காவோட பெரிய வெடிமருந்துக் கம்பெனி டூ பான்ட் கையில நைட்ரோ செல்லுலோஸ் தயாரிக்கற வசதி ஏகத்துக்கும் இருந்தது. துப்பாக்கி மருந்துக்கான சரக்கு. 1920-ல நியூ ஜெர்சி பார்லின்ல இருந்த அவங்க தொழிற்சாலையில, அதுல ஒரு பீப்பாய் வெயில்ல கிடந்து தற்செயலா நீர்த்துப் போச்சு. நீர்த்த சரக்குல நிறைய நிறமி கலக்க முடிஞ்சுது, சட்டுனு காஞ்சுது. அதுவரைக்கும் கலர் கார் வேணும்னா வார்னிஷ் மேல வார்னிஷா அடிச்சு வாரக்கணக்குல காய வைக்கணும். சீக்கிரம் வேணும்னா சூளையில சுட்ட கறுப்புதான். ஃபோர்டு 1914-லேர்ந்து 1925 வரைக்கும் மாடல் டி-யைக் கறுப்புலயே வித்த காலம் அது. புதுசா வந்த டூகோ மணிக்கணக்குல காஞ்சுது. ஜெனரல் மோட்டார்ஸ் அதை 1923-ல தன்னோட ஓக்லண்ட் கார்ல நீலக் கலர்ல அடிச்சு இறக்கினான். (மெக்சிகோ ஓவியர் சிக்கெய்ரோஸ் இந்தப் பெயிண்ட்லயே படம் வரைஞ்சு டூகோ பேர்லயே பட்டப்பேர் வாங்கினார்.) நம்ம ஊர்லயும் கார் பெயிண்டுக்கே டூகோன்னு பேர் ஒட்டிக்கிச்சு. இன்னிக்கு ஆசாரிங்க அலமாரிக்கு 'டூகோ ஃபினிஷ்'னு சொல்றது அதோட எச்சம். பாய் சொல்ற 'என்.சி. பட்டி'யில இருக்கற என்.சி.யும் அதே நைட்ரோ செல்லுலோஸ்தான்.

கீறல் விஷயத்துல டூகோ ஒரு வரம். தன்னோட தின்னர்லயே அது திரும்பக் கரையும். அதனால கீறின இடத்துல மேல அடிக்கிற கோட்டு பழசோட கரைஞ்சு ஒண்ணாயிடும். ஒட்டுப் போட்ட தடமே தெரியாது. இப்ப அடிக்கிற டூ-கே பாலியூரித்தேன் பெட்ரோல் சிந்தினாலும் அசராது, ஆனா இப்படிக் கரையாது. நகத்தை ஓட்டிப் பார்த்தா மாட்டுற அளவுக்குக் கீறல் ஆழமா இருந்தா, அந்தப் பக்கம் முழுக்கத் தேய்ச்சு அடிச்சாகணும்.

இப்ப அந்த 1923-க்கு வர்றேன். அதே வருஷம் பிப்ரவரியில ஒஹாயோ மாகாணம் டேட்டன்ல ஒரு பங்க்ல புது மாதிரி பெட்ரோல் ஊத்த ஆரம்பிச்சாங்க. எஞ்சின் தட்டாம ஓடறதுக்காக டெட்ரா எத்தில் லெட், அதாவது காரீயம் கலந்த பெட்ரோல். 1921-ல கண்டுபிடிச்சவர் தாமஸ் மிட்ஜ்லி. வேலை பார்த்த இடம்? ஜெனரல் மோட்டார்ஸ். அந்தச் சரக்கைக் காய்ச்சிக் கொடுத்தது? டூ பான்ட். ரெண்டும் வேற வேற ஆளும் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ்ல டூ பான்டுக்குப் பெரிய பங்கு. 1920-லேர்ந்து 1923 வரைக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவரா உக்காந்திருந்தவர் பேரே பியர் டூ பான்ட். ஆக, டாங்குக்கு வெளியே அடிக்கிற பெயிண்டும் உள்ளே ஊத்தற விஷமும் ஒரே வருஷத்துல, ஒரே வீட்டு வாசல்லேர்ந்து கிளம்பியிருக்கு.

விஷம்னு நான் மிகையா சொல்லலை. டூ பான்டோட டீப்வாட்டர் தொழிற்சாலையில அதைத் தயாரிச்ச கட்டடத்துக்குத் தொழிலாளிங்க வச்ச பேர் 'பட்டாம்பூச்சி வீடு'. மூளையில ஈயம் ஏறி, இல்லாத பூச்சிகளைக் கையால விரட்டுவாங்களாம். அங்கயும் சாவு விழுந்தது. 1924 அக்டோபர்ல ஸ்டாண்டர்ட் ஆயிலோட பேவே ஆலையில அஞ்சு பேர் பித்துப் பிடிச்சுச் செத்தாங்க. அதுக்கப்புறமும் அந்தப் பெட்ரோல் உலகம் முழுக்க ஓடுச்சு. இந்தியா முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல்னு ஆனது 2000 பிப்ரவரியிலதான்.

சென்னைல மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆரம்பிச்சது 1955. ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல மூடிட்டான், திருவொற்றியூர்ல புல்லட் தொடர்ந்து வந்துக்கிட்டே இருந்தது. அப்படி வந்த புல்லட் டாங்க் ஒவ்வொண்ணும் 2000 வரைக்கும் ஈயப் பெட்ரோலைக் குடிச்சிருக்கு. உள்ள துருவோட துருவா படிஞ்சிருக்கறதுல அதுவும் உண்டு. வெளியில டிங்கர் போட்டது இன்னொரு ஈயம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர் தகடு.

அமெரிக்காவுல ஈயத்துக்கு மாத்து வந்தது 1955-ல. மயாமியில பட்டறை வச்சிருந்த ராபர்ட் மெர்ட்டன் ஸ்பிங்க்ங்கிறவர் பாலியெஸ்டர் ரெசின்ல டால்க் பவுடரைக் கலந்து 'பாண்டோ'ன்னு ஒரு பட்டி செஞ்சார். டார்ச் வேண்டாம், ஈயம் வேண்டாம், கொஞ்ச நேரத்துல இறுகிடும். நம்ம பட்டறைங்கள்ல இன்னிக்குக் குழைச்சுப் பூசற பட்டியும் அந்த ஜாதிதான். கெட்டது என்னன்னா, யார் வேணா போடலாம்னு ஆனதும் ஒடுக்கு எடுக்கறதையே பல பேர் விட்டுட்டாங்க. அரை அங்குலப் பள்ளத்தைத் தட்டாமலே பட்டியால ரொப்பினா நாலு மழைக்காலம் தாங்காது.

ஆனா உயிருக்கு அது பத்திரம். ஏன்னா டாங்க்ல டார்ச் காட்டறது ஈயத்தை விட பெரிய ஆபத்து. காலி டாங்க்தானேன்னு நினைப்போம். நிரம்பின டாங்க்ல பெட்ரோல் ஆவி ரொம்ப அடர்த்தி, உள்ள தீப்பிடிக்கக் காத்து பத்தாது. காத்துல ஆவி நூத்துக்கு ஒண்ணரையிலேர்ந்து ஏழரை பங்கு வரைக்கும் இருந்தாதான் வெடிக்கும். பதினஞ்சு லிட்டர் டாங்க்ல அந்த அளவு வர ஒண்ணு ரெண்டு மில்லி பெட்ரோல் போதும். அது துருவுக்குள்ளயும் தையல் மடிப்புலயும் ஒளிஞ்சிருக்கும், சூடு பட்டதும் வெளியே வரும். பழைய ஆளுங்க ஓடற எஞ்சினோட சைலன்சர் புகையை டாங்குக்குள்ள விட்டு காத்தை விரட்டிட்டு வெல்டிங் வைப்பாங்க. இன்னும் சில பேர் சோப்புத் தண்ணியில பல தடவை கழுவி, பத்து வைக்கிற இடத்துக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் தண்ணி நிரப்பி வைப்பாங்க. ரெண்டாவதுதான் நல்லது. புகையை நம்பி டார்ச்சை வைக்கிறது சீட்டாட்டம்.

மறுநாள் திரும்பப் போய், பாய்கிட்ட இதெல்லாம் என்னால முடிஞ்ச மட்டும் சொன்னேன். "நாப்பது வருஷமா தேய்க்கறேன் சார், எனக்கு என்ன ஆச்சு?"ன்னார். நான் பையனைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசலை. 2016-ல ஈயப் பெயிண்டுக்கு விதி போட்டாங்களே, 90 பிபிஎம்முக்கு மேல கூடாதுன்னு, அது வீட்டுப் பெயிண்டுக்கு மட்டும்தான். உங்க பட்டறைக்கு யாரும் விதி எழுதலைன்னேன். அதுக்கு ஒரு சிரிப்பு. நான் விடலை. கடைசியில ஒத்துக்கிட்டார்: பழைய ஈயத்தைக் கிளறப் போறதில்லை. அதுமேல பேப்பர் படாது. அது பிடிச்சிருக்கற இடத்தை அப்படியே விட்டு, பக்கத்துல புதுசா விழுந்த ஒடுக்கை மட்டும் வாய் வழியா கம்பி விட்டு உந்தி, மிச்சத்துக்கு மெல்லிசா பட்டி. தேய்ச்சா தண்ணி போட்டுத்தான். பையன் சாப்பிடறதுக்கு முன்னாடி கையை சோப்பு போட்டுக் கழுவணும். கடைசி ரெண்டும் என் நிபந்தனை. ஒரு சோப்புக்கட்டியும் வாங்கிக் கொடுத்துட்டு வந்தேன் :-)

ஒடுக்கு முக்கால்வாசி நிமிர்ந்துடுச்சு. கறுப்பும் அடிச்சாச்சு. இனி தங்கக் கலர் கோடு. திருவொற்றியூர்ல ஆரம்பத்துலேர்ந்து அதை அணில் முடி பிரஷ்ல கையாலயே இழுத்தாங்க. 2023-ல வந்த புது புல்லட் 350-லயும் கைக்கோடுதான்னு கம்பெனி சொல்லுது. ஸ்டிக்கர் ஒட்டிடலாம், நூறு ரூபாதான்னு பாய் சொன்னார். நான் மாட்டேன்னுட்டேன். ராயப்பேட்டையில போர்டு எழுதற பெரியவர் ஒருத்தர் வெள்ளிக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கார். அதுவரைக்கும் டாங்க் கடை உத்தரத்துல, ஒரு சைக்கிள் டியூப்ல தொங்குது.