கண் ஒப்பனைத் திருத்தம் (ஒளிப்படக்கலை)

கண் ஒப்பனைத் திருத்தம் என்பது, முகப்படங்களில் அடர்த்தியாகத் தீட்டிய கண் மை, ஐலைனர், ஐஷேடோ, மஸ்காரா, ஒட்டு இமைமயிர் ஆகியவற்றில் தெரியும் குறைகளைப் படம் எடுத்தபின் சரிசெய்யும் வேலை. திருமண ஆல்பம், நடனக் கலைஞர் படம், அழகுசாதன விளம்பரம் போன்றவற்றில் இது அதிகம் தேவைப்படுகிறது. ஒப்பனையிலுள்ள பிசகை நீக்குவதும் ஒப்பனையின் அடர்த்தியையே குறைப்பதும் ஒரே பெயரில் வழங்கினாலும் வெவ்வேறு வேலைகள். முதலாவதற்கு வேண்டியது பெரும்பாலும் படத்துக்குள்ளேயே இருக்கும். இரண்டாவதற்கு இருக்காது, மைக்கு அடியிலுள்ள தோலைக் கேமரா பார்த்ததே இல்லை.

வரலாறு

முகப்படத் திருத்தம் கணினிக்கு மிக முந்தையது. மியூனிக் நகரின் ஃப்ரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல், 1855 பாரிஸ் உலகக் கண்காட்சியில் திருத்திய நெகட்டிவையும் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த பிரதிகளையும் காட்சிக்கு வைத்தார். பின்னர் இது ஸ்டூடியோக்களின் அன்றாட வேலையாயிற்று. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் இதை ‘டச்சிங்’ என்பார்கள். பின்னாலிருந்து ஒளி வரும் சாய்மேசையில் நெகட்டிவை வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் சிறு சிறு புள்ளிகளாக இடுவார்கள். பென்சில் பட்ட இடம் நெகட்டிவில் அடர்ந்து, பிரதியில் வெளுக்கும். கண்ணுக்குக் கீழே இறங்கிய கருமையை அடக்க இது போதும். இமையோரத்தைக் கறுப்பாக்க வேண்டுமானால் மேற்பூச்சைக் கத்தியால் சுரண்டி மெலிதாக்க வேண்டும். கை பிசகினால் நெகட்டிவ் போய்விடும்.

ஃபோட்டோஷாப் 1990இல் வெளிவந்தது. 1994இல் வந்த லேயர் வசதியால், மூலப்படத்தைத் தொடாமல் அதன்மேல் வேலை செய்ய முடிந்தது. 2002இல் வந்த ஹீலிங் பிரஷ், ஓரிடத்தின் தோல் இழைமையை எடுத்து, அதை ஒட்டப்படும் இடத்தின் நிறத்தோடும் வெளிச்சத்தோடும் கலந்துவிடும். முகத்திருத்தத்தை மிகவும் மாற்றிய கருவி இதுதான்.

குறைகள் தோன்றும் விதம்

நேரில் அழகாகத் தெரிந்த ஒப்பனை படத்தில் கெட்டுத் தெரிவதற்கு முதல் காரணம் ஃபிளாஷ். ஐஷேடோவின் மினுக்குத் துகள்கள் ஒளியை நேராகத் திருப்பியடித்து வெள்ளைப் புள்ளிகளாகின்றன. கண்ணடியில் பூசிய பவுடரும் சில வேளை திட்டாக வெளுக்கிறது. வியர்வையில் மை கீழிமைக்கு இறங்குகிறது; ஐஷேடோ இமை மடிப்பில் கோடாகத் திரள்கிறது; மஸ்காரா கட்டி கட்டியாக ஒட்டுகிறது; ஒட்டு இமைமயிரின் பட்டை ஓரத்தில் தூக்கி நிற்கிறது.

கருமையே இன்னொரு சிக்கல். ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகள்தான் உண்டு. மை தீட்டிய இமையோரமும் மயிரும் கருவிழியும் கடைசிச் சில படிகளுக்குள் நெருக்கியடித்துக்கொள்ளும். கேமரா பதிவுசெய்ததைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384 படிநிலைகள் இருப்பதால் அவற்றைப் பிரித்தெடுக்க இடம் கிடைக்கிறது. அடர்ந்த ஒப்பனையோடு வருபவரை ரா வடிவில் படமெடுப்பது கட்டாயம் என்றே சொல்லலாம்.

முறை

சிதறிய துகள், வழிந்த மை, மஸ்காராக் கட்டி ஆகியவற்றைத் தனி லேயரில் ஹீலிங் பிரஷால் எடுப்பது முதல் படி. இழைமையை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் திறமை தெரியும். இமைத் தோல் உடலிலேயே மிக மெல்லியது; கன்னத்தில் தெரியும் துளைகள் அதில் தெரியாது. கன்னத்திலிருந்து எடுத்து இமையில் ஒட்டினால், சாதாரணப் பார்வைக்கும் ஏதோ உறுத்தும். அதே இமையின் சுத்தமான பகுதியே சிறந்த மூலம். ஒரு கண்ணைத் திருப்பி மறு கண்ணில் பொருத்தும் குறுக்குவழியும் உண்டு. ஆனால் பக்கவாட்டு ஒளியில் எடுத்த படத்தில் நிழல் எதிர்ப்பக்கம் விழுந்து முகமே கோணலாகிவிடும்.

நிறம் மட்டும் மிகையாக இருந்தால் வேலை எளிது. அந்த இடத்தை மட்டும் பிரிக்கும் மாஸ்க் இட்டு அந்த நிறத்தின் செறிவைக் குறைத்தால் நீலமும் ஊதாவும் அடங்கும். கருமையைக் குறைப்பதுதான் கடினம். இமை கண்கோளத்தின் மேல் படிந்த வளைபரப்பு; நடுவில் வெளிச்சமும் ஓரங்களில் நிழலும் இருந்தால்தான் அது உருண்டு தெரியும். எல்லா இடத்தையும் ஒரே அளவில் வெளுப்பாக்கினால் இமை தட்டையாகி, கண் வீங்கியதுபோல் ஆகும். ஆகவே நிழலை மெல்லிய தீற்றல்களாகச் சிறிது சிறிதாகத் தூக்குவார்கள். ‘டாட்ஜ் அண்ட் பர்ன்’ முறையில் ‘டாட்ஜ்’ எனப்படுவது இதுவே. இழைமையையும் நிறத்தையும் இரண்டு லேயர்களாகப் பிரித்துத் திருத்தும் முறை கன்னத்துக்கும் நெற்றிக்கும் பொருந்தும். இமையோரத்தில் அதே முறை மையை அக்கம்பக்கத்துத் தோலில் கசியவைத்துச் சாம்பல் வளையம் உண்டாக்கும்.

வெண்விழியை வெளுப்பதில் மிகுந்த நிதானம் வேண்டும். வெண்விழி வெள்ளையல்ல, மேலிமையின் நிழலும் சன்னமான இரத்த நாளங்களும் உள்ள உருண்டைப் பரப்பு. அடர்ந்த மைக்கு நடுவே அது ஏற்கெனவே பளிச்சென்று தெரியும். கருவிழியில் விழுந்த ஒளிப்புள்ளியை எந்தத் திருத்தத்திலும் அழிக்கக் கூடாது. அது போனால் பார்வையில் உயிர் போய்விடும்.

மேடைக் கலைஞர்களின் படங்கள்

பரதநாட்டியத்தில் கண்கோட்டைக் கடைக்கண்ணுக்கு அப்பாலும் இழுத்து வரைவது, கண்ணசைவு கடைசி வரிசைக்கும் தெரிவதற்காக. அருகிலிருந்து எடுத்த படத்தில் அது மிகையாகத் தோன்றலாம்; ஆனால் அதைக் குறைப்பது அந்தக் கலையையே திருத்துவதாகும். கதகளியில் சுண்டப்பூவின் விதையைக் கீழிமைக்குள் இட்டுக் கண்ணைச் சிவக்க வைப்பது மரபு. ‘சிவந்த கண்’ என்று தானாக வெளுக்கும் செயலிகள், கலைஞர் வேண்டுமென்றே கொண்டுவந்த சிவப்பை ஒரு நொடியில் அழித்துவிடுகின்றன. இத்தகைய படங்களில் வழிந்த மையையும் உதிர்ந்த துகளையும் எடுப்பதோடு நிறுத்திக்கொள்வதே முறை.

வரம்புகள்

அமெரிக்கக் கடவுச்சீட்டுக்கு மென்பொருளால் திருத்திய முகப்படம் ஏற்கப்படுவதில்லை. விளம்பரத்தில் விற்கும் பொருளின் பலனையே திருத்தம் மிகைப்படுத்தும்போது அது ஏமாற்றாகிறது. நடாலி போர்ட்மன் தோன்றிய டியோர் மஸ்காரா விளம்பரத்தில் இமைமயிர் கணினியில் மெருகேற்றப்பட்டிருந்தது. அந்த வடிவில் அதை மீண்டும் வெளியிடக் கூடாது என்று பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2012இல் தீர்ப்பளித்தது.