தடுக்கும் சட்டமும் பார்க்கும் சட்டமும்

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்துக்கு மேற்கே, திட்டக்குடி வட்டாரத்தில் இருக்கிறது மங்களூர். மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் ஒன்றியம். இந்த மாதிரி ஊர்களில் பழைய வண்டியை யாரும் எளிதில் கைவிடுவதில்லை. பழுதானால் மாற்றி ஓட்டுவார்கள். பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு மெட்டடார் டீசல் இன்ஜின் ஏற்றிய அம்பாசடர், கேஸ் கிட் மாட்டிய ஆம்னி, சைலன்சர் மாற்றிய ஜீப் என்று தமிழ்நாட்டுப் பட்டறைகள் செய்துகொடுத்த மாற்றங்கள் பல. இப்படிப்பட்ட வண்டிக்காரரை நம் சட்டம் எப்படி நடத்துகிறது, அதே வயதில் அதே போல மாற்றிய காரை வைத்திருப்பவரை அமெரிக்காவின் கலிஃபோர்னியா எப்படி நடத்துகிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நம்முடைய கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும்.

நம் சட்டம் எழுத்தில் மிகக் கடுமையானது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கேஸ் கிட் போன்ற சிலவற்றுக்கு மட்டும் அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதியலாம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆனால் வண்டியைச் சோதிக்கும் இடத்தில் இந்தக் கடுமை காணாமல் போகிறது. பாரத் ஸ்டேஜ் 4க்கு முந்தைய வண்டிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புகைச் சான்று வாங்க வேண்டும். அதற்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் ஓராண்டு. சைலன்சர் குழாயில் குச்சியைச் செருகி, பெட்ரோல் வண்டியை ஐட்லிங்கில் வைத்துக் கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும் அளக்கிறார்கள். பாரத் ஸ்டேஜ் 2க்கு முந்தைய காருக்கு 3 சதவீதமும் 1,500 பி.பி.எம்.மும் வரம்பு. டீசல் வண்டிக்கு ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் புகையின் அடர்த்தியைப் பார்க்கிறார்கள். பானெட்டுக்குள் எந்த இன்ஜின் இருக்கிறது என்று சரிபார்ப்பது இந்தச் சோதனையின் வேலையே இல்லை. கார்புரேட்டர் ஸ்க்ரூவைச் சிறிது திருகி, பெட்ரோலைக் குறைத்துவிட்டால் ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு இறங்கிவிடும், சான்று கையில். பாரம் இழுக்கும்போது அந்த வண்டி கக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளை யாரும் அளப்பதே இல்லை. இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் பிரேக் இன்ஸ்பெக்டர் நேரில் பார்ப்பது சொந்தக் காருக்குப் பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போதுதான். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை.

கலிஃபோர்னியாவில் 1984 முதல் ஸ்மாக் செக் என்ற சோதனை நடக்கிறது. பெட்ரோல் வண்டிகளில் 1976 மாடலிலிருந்து இரண்டாண்டுக்கு ஒருமுறை. அங்கே இன்ஜின் மாற்றலாம், தடையில்லை. ஆனால் ஏற்றும் இன்ஜின் காரின் மாடல் ஆண்டைச் சேர்ந்ததாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். அந்த இன்ஜினுடன் வந்த மாசுத் தடுப்புச் சாதனங்கள் எல்லாமும் கூடவே வர வேண்டும். இதைப் பார்த்துச் சரியென்று சொல்ல ‘ரெஃபரி’ என்ற தனி ஆய்வாளர் உண்டு; அவர் ஒப்புதல் லேபிள் ஒட்டித் தருவார். வெளியில் வாங்கிப் பொருத்தும் பாகம் மாசுத் தடுப்போடு தொடர்புடையதென்றால், மாநிலக் காற்று வள வாரியத்தின் அனுமதி எண் அதற்கு இருக்க வேண்டும். சோதிப்பவர் பானெட்டைத் திறந்து பாகம் பாகமாகப் பார்க்கிறார். நெரிசலான பகுதிகளில் 1999 வரையிலான மாடல்களை உருளைமேல் ஏற்றி, பாரம் கொடுத்து ஓடவிட்டு நைட்ரஜன் ஆக்சைடையும் அளக்கிறார்கள். தேறாத வண்டியின் உரிமையாளர் வருமானம் குறைந்தவர் என்றால் பழுதுபார்க்க அரசு பண உதவியும் தருகிறது. அங்கும் குறை உண்டு: 1976க்கு முந்தைய மாடல்களை முற்றாக விட்டுவிட்டார்கள். அவை எண்ணிக்கையில் குறைவாக இருக்கலாம். புகையில் அப்படிச் சொல்ல முடியாது.

பீங்கான் தொழில் நடக்கும் விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதில் நெருக்கமான ஒரு விஷயம் இருக்கிறது. வண்டிப் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் உள்ளே இருப்பது பெரும்பாலும் பீங்கான்தான். களிமண், டால்க், அலுமினா கலந்து சுட்ட, தேன்கூடு போன்ற ஒரு கட்டி. அதன் துளைச் சுவர்களில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசியிருக்கும். நச்சு வாயுக்கள் அந்தத் துளைகள் வழியே போகும்போது கரியமில வாயுவாகவும் நீராகவும் நைட்ரஜனாகவும் மாறுகின்றன. 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களின் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. சத்தத்துக்காக சைலன்சரை மாற்றும் பட்டறையில் முதலில் கழன்று விழுவது இந்தப் பீங்கான். கலிஃபோர்னியாவில் அது இல்லாத வண்டி சோதனையில் தேறாது. இங்கே அது இருக்கிறதா என்று பழைய வண்டியிடம் யாரும் கேட்பதில்லை.

சோதனையை நம்ப முடியாத இடத்தில் வயதே தீர்ப்பாகிவிடுகிறது. டெல்லியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டியும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் தடையை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததை நான் அப்படித்தான் பார்க்கிறேன். ஒழுங்காகப் பராமரித்த வண்டியும் புகையாய்க் கக்கும் வண்டியும் அந்தத் தடையில் ஒன்றாகவே நடத்தப்பட்டன. இது உழைத்து வண்டி வாங்கியவருக்கு அநியாயம். அந்த நிலை நம் ஊருக்கு வரக் கூடாது.

தமிழ்நாட்டுப் போக்குவரத்துத் துறை செய்யக்கூடியது பெரிதில்லை. புகைச் சான்று தரும்போதே இன்ஜின் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிடட்டும். நியாயமான இன்ஜின் மாற்றத்தை ஆய்ந்து ஒப்புதல் தர, விருத்தாசலம் போன்ற வட்டார அலுவலகங்களில் வாரம் ஒரு நாளை ஒதுக்கட்டும். வண்டிக்காரர்களுக்கும் ஒரு சொல்: இன்ஜினோ கேஸ் கிட்டோ மாற்றுவதானால் பட்டறைக்கு முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஆர்.சி.யில் ஏறாத மாற்றத்தைக் காட்டி, விபத்துக்குப் பின் இன்ஷூரன்ஸ் இழப்பீட்டை மறுக்க இடமிருக்கிறது.