பொதுப் பூங்காவின் சொந்தக்காரர் யார்?

நான் கணக்கெழுதும் தோட்டத்தில் ஒரு திடல் உண்டு. அதன் புல்லை வெட்டுவோர் கூலியை மாதந்தோறும் செக்ரோலில் பதிபவன் நான். சென்ற ஆண்டு லயத்துச் சிறுவர் நால்வர் ஆபீசு வாயிலில் வந்து நின்று, "கிராணி ஐயா, ஞாயிற்றுக்கிழமை அங்கே பந்து விளையாட யாரைக் கேட்க வேண்டும்?" என்றனர். "துரையைக் கேளுங்கள்" என்று என் வாய் தானாகவே சொல்லிற்று. தோட்டத்துத் திடல் கம்பெனியின் சொத்து. ஆகையால் அவ்விடையில் பிழையில்லை. ஆயினும் அவர்கள் பட்டணத்துப் பொதுப் பூங்காவைப் பற்றிக் கேட்டிருந்தாலும் நான் இதே குரலில்தான் "சர்க்காரைக் கேளுங்கள்" என்றிருப்பேன். இதுவே என் மனத்தை உறுத்திற்று. பொதுமக்கள் பணத்தில் நடப்பதையும் எவரோ மனமிரங்கி அளித்த கொடையென்று எண்ணுவது நம் பழக்கம். இதற்கு மாறாக, பூங்கா எங்களுடையது என்று ஜனங்கள் சட்டத்திலேயே எழுதிக்கொண்ட ஒரு நாட்டின் கதையை இங்குச் சொல்ல விரும்புகிறேன். எழுதிய பின்னும் அது எல்லோருடையதும் ஆகிவிடவில்லை என்பதே அக்கதையின் சாரம்.

அந்நாடு அமெரிக்கா, மாகாணம் இல்லினாய், நகரம் சிக்காகோ. சிக்காகோ என்றவுடன் நம்மவர்க்கு 1893-இல் விவேகானந்தர் பேசிய சர்வமதப் பேரவையே நினைவுக்கு வரும். அவ்வாண்டு அந்நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்கு இடந்தந்தது ஜாக்சன் பூங்கா என்னும் பொதுப் பூங்கா என்பதை எத்தனை பேர் அறிவோம்? பேச்சை மனப்பாடம் செய்தோம், நிலத்தைக் கேட்டோமில்லை.

1837-இல் நகரமாகப் பதிவு பெற்றபோதே, 'தோட்டத்துள் நகர்' என்று பொருள்படும் இலத்தீன் சொற்களைச் சிக்காகோ தன் இலச்சினையில் பொறித்துக்கொண்டது. ஆனால் தோட்டம் சொல்லளவில்தான் இருந்தது. 1869-இல் இல்லினாய் சட்டசபை, தெற்கு, மேற்கு, வடக்கு என நகரின் மூன்று பகுதிகளுக்கும் மூன்று பூங்காக் கமிஷன்களை அமைத்தது. நிலம் வாங்கவும் அதற்கென வரி விதிக்கவும் அவற்றுக்கு அதிகாரம் உண்டு. 1895-இல் வந்த மற்றொரு சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஓர் ஊரார் கூடி மனுக்கொடுத்து, வாக்கெடுப்பில் பெரும்பான்மை பெற்றால், தங்களுக்கென ஒரு 'பூங்கா மாவட்டம்' அமைத்துக்கொள்ளலாம் என்றது. மாவட்டம் என்றதும் கலெக்டர் ஆளும் ஜில்லாவென்று கருத வேண்டா. பூங்காவையும் விளையாட்டிடங்களையும் நடத்துவதற்காகவே ஏற்பட்ட தனிச் சிற்றாட்சி அது. அதற்கெனத் தனி வரி, தனிச் சபை. சபையோரை அவ்வூராரே தேர்ந்தெடுப்பர். இன்று அம்மாகாணத்தில் இத்தகைய மாவட்டங்கள் முந்நூறுக்கு மேல் உள்ளன; அவற்றின் சபை உறுப்பினர் சம்பளமின்றியே பணி செய்கின்றனர். சிக்காகோவின் மூன்று பழைய கமிஷன்களிலோ, உறுப்பினரை ஆளுநரும் நீதிபதிகளும் நியமித்தனர். வரி கொடுத்தவன் வாக்குக் கொடுக்கவில்லை. இவ்வேற்றுமையை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

நிற்க. பெரிய பூங்காக்கள் எழுந்தன. ஏரிகளும் நிழற்சாலைகளும் அமைந்தன. அவற்றை அனுபவித்தோர் யாவர்? வண்டி வைத்திருந்தோரும், வண்டிக் கூலி கொடுக்க வல்லோருமே. நகரின் தெற்கே கசாப்புத் தொழிற்சாலைகளையடுத்த குடியிருப்புகளில் போலந்து, லிதுவேனியா, அயர்லாந்து முதலிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்தோர் நெருங்கி வாழ்ந்தனர். அவர்கள் பட்ட பாட்டை அப்டன் சிங்க்ளேர் 1906-இல் 'தி ஜங்கிள்' என்னும் நாவலாக வெளியிட்டார். அத்தொழிலாளிக்குப் பூங்கா எட்டாத தூரம். தெற்குப் பூங்காக் கமிஷனின் மேற்பார்வையாளராயிருந்த ஃபாஸ்டர் என்பவர் இதை உணர்ந்தார். தொழிலாளி பூங்காவுக்கு வர முடியாவிடில், பூங்கா தொழிலாளியிடம் செல்ல வேண்டும் என்பது அவர் கொண்ட கருத்து. அதன்படி 1905 முதல் நெருக்கமான குடியிருப்புகளின் நடுவே சிறு பூங்காக்கள் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு கூடம்; அதில் ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் தனித்தனி உடற்பயிற்சிச் சாலை, குளிப்பிடம், வாசகசாலை, கூட்டம் நடத்த மண்டபம். வீட்டில் குளிக்க வசதியில்லாத குடும்பங்களுக்கு அக்குளிப்பிடமே பெரும் பேறு. லயத்துப் பொதுக்குழாயடியில் விடியற்காலை வரிசையில் நின்றவர்க்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டுவதில்லை.

இவ்வளவும் நன்று. ஆனால் கதவைத் திறந்துவிட்ட மாத்திரத்தில் எல்லோரும் உள்ளே நுழைந்துவிட முடிந்ததா? இல்லினாய் மாகாணத்தில் 1885 முதலே, பொது இடங்களில் நிறவேற்றுமை பாராட்டலாகாது என்ற சட்டம் இருந்தது. சட்டப் புத்தகத்தில் அது இருந்தது. மிச்சிகன் ஏரியின் தண்ணீரில் வேறொரு கோடு இருந்தது. 25-ஆம் தெருவை ஒட்டிய கரை கறுப்பின மக்களுக்கு, 29-ஆம் தெருவை ஒட்டிய கரை வெள்ளையருக்கு என்பது எவரும் எழுதாத, எல்லோரும் அறிந்த விதி. 1919-ஆம் ஆண்டு ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை. கடும் வெயில். யூஜின் வில்லியம்ஸ் என்னும் பதினேழு வயதுக் கறுப்பினச் சிறுவன் தோழருடன் கட்டுமரத்தைப் பற்றி மிதந்துகொண்டிருந்தான். கட்டுமரம் அக்கண்காணாக் கோட்டைத் தாண்டிற்று. கரையிலிருந்து ஒரு வெள்ளையன் கல்லெறிந்தான்; சிறுவன் மூழ்கி மாண்டான். கல்லெறிந்தவனைக் கைது செய்யப் போலீஸ்காரர் மறுத்தார். அதிலிருந்து மூண்ட கலகத்தில் மாண்டோர் 38 பேர்; அவருள் கறுப்பினத்தார் 23, வெள்ளையர் 15. காயமுற்றோர் 537. ஏறத்தாழ ஆயிரம் கறுப்பினக் குடும்பங்கள் வீடிழந்தன. குளத்துக்கும் கிணற்றுக்கும் சாதிவேலி கட்டிய தேசத்திலிருந்து நம் பாட்டன்மார் வந்தனர். தண்ணீரிலும் கோடு கிழிக்கலாம் என்பது நமக்குப் புதிய செய்தியன்று.

பின்னர்ப் பொருளாதார மந்தம் வந்தது. சிக்காகோவில் அப்போது இருபத்திரண்டு தனித்தனிப் பூங்கா ஆட்சிகள் இருந்தன. பல கடனில் மூழ்கின. 1934-இல் அவை அனைத்தும் சிக்காகோ பூங்கா மாவட்டம் என ஒன்றாயின. இதன் சபையும் தேர்தலால் அமைந்ததன்று. நகரத் தலைவரின் நியமனமே. எனினும் ஜனங்கள் சபையில் இடமில்லையென்று சும்மாயிருக்கவில்லை. கசாப்புச்சாலைப் பகுதியில் டேவிஸ் சதுக்கம் என்னும் சிறு பூங்கா ஒன்று உண்டு. அதன் நிர்வாகியாயிருந்த ஜோசப் மீகன் என்பவரும், சால் அலின்ஸ்கி என்பவரும் 1939 ஜூலையில் அப்பூங்காக் கூடத்திலேயே வட்டாரத்தாரைக் கூட்டினர். ஒருவரோடொருவர் முகங்கொடுத்துப் பேசாத பல்தேசத்தாரும், தேவாலயத்தாரும், தொழிற்சங்கத்தாரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஒரு வட்டாரக் கவுன்சிலை நிறுவினர். பள்ளிச் சிறுவரின் உணவும், குழந்தைகளின் சுகாதாரமும் அக்கவுன்சிலின் வேலைகளாயின. பந்து விளையாடவும் குளிக்கவும் வந்த இடத்தில் ஜனங்கள் தங்கள் காரியங்களைத் தாங்களே பேசக் கற்றனர்.

இவ்விடத்தில் கதையை நிறுத்திவிட என் பேனாவுக்கு ஆசைதான். அது நேர்மையாகாது. அதே கவுன்சில் 1950-களில் கறுப்பினக் குடும்பங்கள் தம் வட்டாரத்தில் குடியேறாதபடி தடுக்கும் வேலையிலும் இறங்கிற்று. நேற்றுவரை தானே வேலிக்கு வெளியே நின்றவன், உள்ளே வந்ததும் செய்த முதற்காரியம் வேலியைச் செப்பனிட்டது. இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய நோயென்று நான் நம்பவில்லை.

1960 ஆகஸ்டில் கறுப்பினத்தாரும் வெள்ளையருமாக இளைஞர் சுமார் முப்பது பேர், நகரின் தென்பகுதியிலுள்ள ரெயின்போ கடற்கரை என்னும் ஏரிக்கரைப் பூங்காவுக்குக் குளிக்கச் சென்றனர். கல்மழை பொழிந்தது, சிலர் காயமுற்றனர். மறு ஆண்டு கோடையில் அவர்கள் மறுபடியும் சென்றனர். இம்முறை போலீசார் காவல் நின்றனர். வில்லியம்ஸ் மாண்டு நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

கல் நின்றாலும் கணக்கு நேராகவில்லை. 1982-இல் அமெரிக்க மத்திய அரசின் நீதி இலாகாவே சிக்காகோ பூங்கா மாவட்டத்தின்மீது வழக்குத் தொடுத்தது. கறுப்பினத்தாரும் ஸ்பானிய மொழியினரும் வாழும் வட்டாரங்களின் பூங்காக்களுக்குக் கட்டடமும் பணியாளரும் செலவும் குறைவாக ஒதுக்கப்படுகின்றன என்பது குற்றச்சாட்டு. கணக்கெழுதுபவனாகிய எனக்கு இச்சரித்திரத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். கல்லெறிவதைக் கண்ணால் காணலாம். பட்ஜெட்டில் செய்யும் அநியாயத்தைப் பேரேட்டைப் புரட்டினாலொழியக் காண முடியாது. 1983-இல் மாவட்டம் உடன்பாட்டுக்கு இணங்கிற்று. புறக்கணிக்கப்பட்ட வட்டாரங்களுக்குச் செலவிட ஒப்புக்கொண்டது. பூங்காதோறும் அதைப் பயன்படுத்துவோரே கூடி ஆலோசனை கூறும் குழுக்களும் பின்னர் ஏற்பட்டன.

சபைக் கூட்டங்களைப் பொதுஜனங்கள் வந்து பார்க்கலாம் என்று இல்லினாய் 1957-இலேயே சட்டம் செய்திருந்தது. வருவோர் எழுந்து பேசவும் இடமளிக்க வேண்டும் என்ற விதி அதில் சேர்ந்து நடப்புக்கு வந்தது 2011-இல். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம், கல்மழை பொழிந்த ரெயின்போ கடற்கரையில் அவ்விளைஞர்களின் பெயரால் ஒரு நினைவுப் பலகை நாட்டப்பட்டது. அன்று குளிக்கப் போனவர்களுள் சிலர், நரைத்த தலையினராய், அவ்விழாவுக்கு வந்திருந்தனர்.