ஆற்காட்டு நவாபின் கடன்களும் கணக்குக் கேட்கும் கடமையும்

சென்னைச் சேப்பாக்கத்தில் கடலை நோக்கி நிற்கும் பழைய அரண்மனையைக் கடந்து செல்வோர் அதன் குவிமாடங்களை வியந்து பார்ப்பதுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு வாழ்ந்த கர்நாடக நவாப் முகமது அலி வாலாஜா பெற்ற கடன்கள், இலண்டன் பாராளுமன்றம் வரை சென்று அமைச்சரவையையே குற்றக் கூண்டின் அருகில் நிறுத்தின என்பதை நினைப்போர் மிகச் சிலரே. அதே காலத்துத் தஞ்சைத் திருச்சபையின் வரலாற்றை நாம் ஆர்வத்தோடு கற்பிக்கிறோம். ஆயினும், சுவார்ட்ஸ் ஐயரின் பக்தியை அறிந்துள்ள அளவிற்கு, அவர் நடந்து திரிந்த நாட்டின் விளைச்சல் எவர் கைக்குச் சென்றது என்பதை நாம் அறிந்திலோம். இக்கட்டுரையில் நாம் ஒரே வினாவைப் பின்பற்றிச் செல்ல விரும்புகிறோம். அது சென்னையில் 1776ஆம் ஆண்டு கேட்கப்பட்ட எளிய வினா: இக்கடனுக்குச் சான்று எங்கே?

1. கடன் வளர்ந்த விதம்

முகமது அலி ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைபலத்தால் அரியணையைக் காத்துக் கொண்டவர். அப்படைகளின் செலவை அவர் கம்பெனிக்குச் செலுத்த வேண்டியிருந்தது. செலுத்தப் பணம் இல்லை. அந்நிலையில் சென்னைக் கோட்டையில் பணிபுரிந்த கம்பெனி அலுவலர்களே தனிப்பட்ட முறையில் அவருக்குக் கடன் கொடுக்க முன்வந்தனர். தொடக்கத்தில் வட்டி நூற்றுக்கு முப்பதுக்கும் மேற்பட்டிருந்தது. 1767இல் பழைய கடன்கள் ஒன்றாகத் திரட்டப்பட்டு 10 விழுக்காடு வட்டி விதிக்கப்பட்டது. 1777இல் மற்றொரு பெருந்தொகை 12 விழுக்காடு வட்டியில் திரட்டப்பட்டது.

கடனுக்கு ஈடாக நவாப் கொடுத்தது தம் அணிகலன்களை அன்று; சீமைகளின் நிலவரி வருவாயையே எழுதிக் கொடுத்தார். ஆகவே, கடன் வாங்கியவர் சேப்பாக்கத்தில் இருந்தார். கடனைத் தீர்த்தவனோ களத்துமேட்டில் நின்ற உழவன். குத்தகைதாரனும் அவனுக்கு மேலிருந்த அதிகாரியும் கதிரடிக்கும் நாளிலேயே தானியத்தைக் கைப்பற்றினர். அடுத்த பருவத்திற்கு விதையும், ஏரி குளங்களைச் செப்பனிடப் பொருளும் எஞ்சுவது அரிதாயிற்று.

இங்கு நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. கடன் கொடுத்தவர்களே கம்பெனியின் பெயரால் ஆட்சியும் நடத்தினர். கம்பெனிக்கு நவாப் செலுத்த வேண்டிய பாக்கியை வற்புறுத்திக் கேட்பது அவர்களுடைய அலுவற்கடமை. தங்களுக்கு வர வேண்டிய வட்டி முதலில் வந்து சேர வேண்டும் என்பது அவர்களுடைய சொந்த நலன். ஒரே மனிதன் இரு மேசைகளின் பின்னும் அமர்ந்திருந்தான். புதிய கடனுக்குப் புதிய ஈடு தேவைப்பட்டபோது நவாபின் கண் வளமிக்க தஞ்சையின் மேல் விழுந்தது. 1773இல் கம்பெனிப் படையே தஞ்சையைக் கைப்பற்றி நவாபிடம் ஒப்படைத்தது. மன்னர் துளஜா அரசிழந்தார்.

2. சான்று கேட்ட ஆளுநர்

இச்செயலை இலண்டன் இயக்குநர்கள் கண்டித்தனர். தஞ்சையை மன்னருக்குத் திருப்பித் தருமாறு கட்டளையிட்டுப் பிகட் பிரபுவை ஆளுநராக அனுப்பினர். அவரும் 1776 ஏப்ரலில் துளஜாவை மீண்டும் அரியணையேற்றினார். உடனே பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி அலுவலர் ஒரு கோரிக்கையோடு வந்தார். தஞ்சை வருவாயின்மீது நவாப் தமக்கு 1,62,000 பவுன் எழுதிக் கொடுத்திருப்பதாகவும், தஞ்சைக் குடிகளுக்குத் தாம் மேலும் 72,000 பவுன் கடன் கொடுத்திருப்பதாகவும் அவர் கூறினார். சில நூறு பவுன் ஆண்டுச் சம்பளம் பெற்ற ஒருவருக்கு இத்துணைப் பெருந்தொகை எங்கிருந்து வந்தது என்று வியக்காதவர் இலர்.

ஆளுநரின் ஆலோசனைக் குழு முதலில் சான்று கேட்டது. போதிய சான்று இல்லை எனக் கண்டு கோரிக்கையைத் தள்ளியது. சில நாட்களுக்குள் குழுவின் பெரும்பான்மையோர் தம் முடிவை மாற்றிக் கொண்டு பென்ஃபீல்டின் பக்கம் சேர்ந்தனர். பூசல் முற்றியது. 1776 ஆகஸ்டு 24ஆம் நாள், தன் குழுவினரின் ஆணையாலேயே ஆளுநர் சிறைபிடிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு மே மாதம் காவலிலேயே அவர் உயிர் நீத்தார். அவரைச் சிறைவைத்தவருள் நால்வர் இங்கிலாந்தில் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டு, 1780இல் ஆளுக்கு 1,000 பவுன் அபராதம் பெற்றனர். அவர்களுடைய செல்வத்திற்கு முன் அது ஒரு தண்டனையாகத் தோன்றவில்லை.

பிகட்டைப் புனிதராக்கவும் நமக்கு உரிமையில்லை. முதன்முறை ஆளுநராயிருந்தபோது அவரும் பெருஞ்செல்வம் திரட்டியவர். அவர் கொண்டு சென்ற வைரம் இன்றும் அவர் பெயராலேயே வரலாற்றில் பேசப்படுகிறது. ஆனாலும், கேட்டவரின் கை முழுதும் தூயதாக இல்லை என்பதால் கேட்ட கேள்வி பொய்யாகிவிடாது.

3. சட்டம் சொன்னதும் அமைச்சர் செய்ததும்

1784இல் பிட்டின் அமைச்சரவை கொண்டு வந்த இந்தியச் சட்டம், நவாபின் கடன்களின் தோற்றத்தையும் நேர்மையையும் ஆராயுமாறு இயக்குநர்களுக்குத் தெளிவாகவே கட்டளையிட்டது. இயக்குநர்களும் விசாரணைக்கான மடலை எழுதினர். ஆனால், அச்சட்டத்தால் புதிதாக நிறுவப்பட்ட கட்டுப்பாட்டுக் குழு அம்மடலைத் திருத்தி எழுதியது. விசாரணை விலக்கப்பட்டது. ஆண்டுதோறும் கர்நாடக வருவாயிலிருந்து 4,80,000 பவுன் ஒதுக்கிக் கடன்களைத் தீர்க்க உத்தரவாயிற்று. 'ஆராய்க' என்றது சட்டம். 'கொடுத்து விடுக' என்றது அதிகாரம்.

இக்குழுவில் முதன்மையாயிருந்தவர் ஹென்றி டண்டாஸ். இவரே இரண்டாண்டுகளுக்கு முன் சென்னை ஆளுநராயிருந்த தாமஸ் ரம்போல்டின் ஊழலைப் பாராளுமன்றத்தில் சாடியவர். ஆளுங்கட்சியில் அமர்ந்ததும் அவருடைய நாவின் திசை மாறியது. 1806இல் அவரே கடற்படை நிதியைப் பற்றிய குற்றச்சாட்டின்பேரில் பிரபுக்கள் சபையின் முன் நிறுத்தப்பட்டு, விடுதலை பெற்றார் என்பதும் நினைவுகூரத்தக்கது.

1785 பிப்ரவரி 28ஆம் நாள், இவ்வுத்தரவைப் பற்றிய தாள்களைச் சபையின் முன் வைக்க வேண்டுமென ஃபாக்ஸ் முன்மொழிந்தார். கோரப்பட்டது எவருடைய தலையும் அன்று, தாள்கள் மட்டுமே. அதை ஆதரித்து எட்மண்டு பர்க் நெடுநேரம் உரையாற்றினார். கிரிக்லேடு தொகுதியின் உறுப்பினராக 1780இல் பாராளுமன்றம் புகுந்த பென்ஃபீல்டு, தம் பணத்தால் எட்டு உறுப்பினர்களை உருவாக்கினார் என்றும், கடன்காரர்களின் வாக்குகளுக்கு விலையாகவே விசாரணை கைவிடப்பட்டது என்றும் அவர் குற்றஞ்சாட்டினார். தமிழ்நாட்டின் ஏரிகளும் அணைகளும் முன்னோர் விட்டுச்சென்ற அறக்கொடைகள் என்றும், கடன் வசூலின் பொருட்டு அவை பாழாகின்றன என்றும் இந்நாட்டை ஒருமுறையேனும் காணாத அவர் அம்மன்றத்தில் எடுத்துரைத்தார். தீர்மானம் பெரும்பான்மையால் தோற்கடிக்கப்பட்டது. ஆயினும், அவ்வாண்டே அவ்வுரை ஆவணங்களோடு நூலாக வெளிவந்தது.

பர்க்கின் நிலையையும் மறைத்தல் தகாது. அவருடைய உறவினரான வில்லியம் பர்க் தஞ்சை மன்னரின் முகவராகப் பணியாற்றியவர். ஆகவே, தஞ்சையின் பக்கம் பேசியதில் குடும்பச் சார்பும் இருந்தது என எதிர்க்கட்சியார் கூறியதில் பொருளில்லாமற் போகவில்லை. பிகட்டைப் போலவே இவரும் குறையற்ற சாட்சி அல்லர்.

4. பின்னர் வந்த கணக்கு

1801இல் கம்பெனி கர்நாடக ஆட்சியைத் தானே எடுத்துக் கொண்டது. முந்தைய ஏற்பாட்டில் அடங்காத கடன் கோரிக்கைகள் அப்போது திரண்டு வந்தன. அவற்றின் கூட்டுத்தொகை 3 கோடிப் பவுனைத் தாண்டியது. 1805இல் அவற்றை ஆராய ஆணையர்கள் நியமிக்கப்பட்டனர். இம்முறை சான்று உண்மையாகவே கேட்கப்பட்டது. பத்திரங்கள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிக்கப்பட்டன. வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் மில் தம் நூலில் தரும் கணக்கின்படி, அதுவரை முடிவு செய்யப்பட்ட 2 கோடிப் பவுனுக்கு மேற்பட்ட கோரிக்கைகளில் ஏற்றுக்கொள்ளப்பட்டவை ஏறத்தாழ 13 லட்சம் பவுன் மட்டுமே. ஏறத்தாழப் பதினைந்தில் ஒரு பங்கே நேரிய கடன். எஞ்சிய பதினான்கு பங்கும் தள்ளுண்டன.

1785இல் விசாரணையின்றிக் கொடுக்கப்பட்ட கடன்களும் இதே அளவிற்குப் பொய்யானவை என்று இதைக் கொண்டு நாம் முடிவு கட்ட இயலாது. ஆனால், ஆராய்ந்திருந்தால் என்ன வெளிப்பட்டிருக்கக்கூடும் என்பதை இவ்விகிதம் உணர்த்துகிறது. பென்ஃபீல்டு 1810இல் பாரிஸ் நகரில் வறுமையில் மாண்டார். அதைக் கண்டு நீதி நிறைவேறியது என்று மகிழ்வதற்கில்லை. களத்துமேட்டில் பறிபோன நெல் எந்த உழவனுக்கும் திரும்பி வரவில்லை.

5. முந்நூறு ரூபாயின் கணக்கு

இதே நாட்களில் இதே நாட்டில் வாழ்ந்தவர் கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ். 1779இல் ஐதர் அலியிடம் சமாதானத் தூது செல்லுமாறு அவரைக் கேட்டவர், நாம் மேலே கூறிய ரம்போல்டே. ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து திரும்புகையில் வழிச்செலவிற்கென ஐதர் 300 ரூபாய் அளித்தார். ஐயர் அதை மறுக்க முயன்றும் இயலவில்லை. சென்னை திரும்பியதும் அப்பணத்தை அரசினரிடம் ஒப்படைத்தார். அவரே வைத்துக் கொள்ளட்டும் என்று அவர்கள் வற்புறுத்தவே, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பள்ளிக்கு அதை முதற்பொருளாக்கினார். இலட்சக்கணக்கான பவுனுக்குச் சான்று காட்டாதோர் ஆண்ட கோட்டையில், ஒருவர் முந்நூறு ரூபாய்க்குக் கணக்குக் கொடுத்தார்.

1780இல் ஐதரின் படையெடுப்பும், தொடர்ந்து பஞ்சமும் வந்தன. தஞ்சை அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் குடிகள் ஊரைவிட்டு ஓடினர். திரும்பி வருமாறு மன்னர் அழைத்தும் அவர்கள் நம்பவில்லை. சுவார்ட்ஸ் ஐயர் பொறுப்பேற்று வாக்களித்தபோதோ, ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பி வந்ததாக அவரே 1794இல் எழுதிய மடலில் குறிப்பிடுகிறார். நவாபின் முத்திரையிட்ட பத்திரத்திற்குக் கிடைக்காத நம்பிக்கை ஒரு வெறும் வாக்கிற்குக் கிடைத்தது.

எனினும், இவ்வரலாற்றை நம் பெருமைக்காக மட்டும் கூறுவோமாயின் பிழை செய்வோம். ஐயரும் கம்பெனிப் படைமுகாமின் போதகராக ஊதியம் பெற்றவர். அவருடைய நேர்மை பல்லாயிரவரின் உயிரைக் காத்தது; ஆனால் கொள்ளையின் ஏற்பாட்டை அது தடுத்து நிறுத்தவில்லை. தனி மனிதரின் தூய்மை வேறு. கணக்குக் கேட்கும் ஒழுங்குமுறை வேறு. முன்னது இருப்பதால் பின்னது தேவையில்லை என்று எண்ணுவதே நல்லோர் வழக்கமாகச் செய்யும் தவறு.

6. நிறைவாக

இப்பகுதியைக் கற்பிக்கையில், முடிவில் வென்றது யார் என்று மாணவர் நம்மிடம் கேட்பதுண்டு. பிகட் சிறையில் மாண்டார். பர்க்கின் பக்கம் வாக்கெடுப்பில் தோற்றது. கடன்காரர்கள் பணம் பெற்றனர். ஆயினும், முதலில் கேட்கப்பட்ட வினா மட்டும் மாளவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் அது மீண்டும் கேட்கப்பட்டபோது, பதினான்கு பங்கு பொய் தானாக உதிர்ந்தது. கேட்டோர் யாவரும் குறையுள்ளவர்களே. தூயவர் வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தால் எந்தக் கணக்கும் திறக்கப்பட்டிராது.

முதுமையில் சாமுவேல் தீர்க்கதரிசி இஸ்ரவேலின் முன் நின்று, தாம் எவருடைய எருதையேனும் கழுதையையேனும் எடுத்துக் கொண்டதுண்டோ என்று சொல்லுமாறு மக்களையே அழைத்ததை அறிவோம். ஆளுவோரிடம் கணக்குக் கேட்க முற்படும் குருமார் முதலில் தங்கள் சபையின் நிலங்களுக்கும் நிதிகளுக்கும் உரிய ஏடுகளைச் சபையாரின் முன் திறந்து வைத்தல் வேண்டும். அவ்வேடுகளைப் பார்க்க விரும்பும் எளிய விசுவாசியை விசுவாசக் குறைவுள்ளவன் என்று நாம் கடிந்து கொள்ளும் நாளில், 1784ஆம் ஆண்டின் அந்த மடலை நாமும் நம் கையால் திருத்தி எழுதியவர்களாவோம்.