கோகலின் மேலங்கி

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம் பழமொழி. 19-ஆம் நூற்றாண்டு ருஷ்யாவிலோ ஆடையே ஆளை அறிவித்தது. மகா பீட்டர் 1722-இல் அரசுப் பதவிகளை 14 படிகளாக வகுத்தார். முதலாம் நிக்கலஸ் ஆட்சியில், 1834-இல் பிறந்த விதிகள் ஊழியர்தம் சீருடையை விரிவாக வரையறுத்தன. ஒருவர் இன்னார் என்றறிய முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. உடையைப் பார்த்தாலே போதும்.

இவ்வுலகை உள்ளிருந்து கண்டவர் நிக்கலாய் கோகல். 1809-இல் உக்ரேனில் பிறந்த அவர், 1828-ஆம் ஆண்டின் இறுதியில் தலைநகர் பீட்டர்ஸ்பர்க் சேர்ந்து, சிறிது காலம் எழுத்தராகப் பணிபுரிந்தார். குளிர்காலம் முழுவதையும் கோடை மேலங்கியுடனே கழித்ததாக 1830-இல் தம் அன்னைக்கு எழுதினார். பிழைப்பு நாடி வேற்றூர் சென்றோர்க்கு இச்செய்தி புதிதன்று.

1842-இல் வெளியான அவரது 'மேலங்கி' என்னும் கதையின் நாயகர் அக்காக்கி அக்காக்கியேவிச், ஆண்டுக்கு 400 ரூபிள் பெறும் நகலெழுத்தர். பிறர் எழுதியதைப் படியெடுப்பதே அவர் வாழ்வு. தமக்கென ஒரு விருப்பமும் அறியாதவர். பழைய மேலங்கி நைந்துபோகவே, புதியதற்கு 80 ரூபிள் தேட வேண்டியதாயிற்று. மாலைத் தேநீரைத் துறந்தார், விளக்கேற்றாதிருந்தார், காலணி தேயாவண்ணம் மெல்ல நடந்தார். வியப்பு யாதெனில், அந்த வறுமையிலேதான் அவர் விழிகளில் ஒளியும் நெஞ்சில் உறுதியும் பிறந்தன. மேலங்கியும் அலுவல் உடையைச் சேர்ந்ததே. ஆயினும் அதன் துணியையும் கழுத்துக்குரிய பூனைத்தோலையும் தையற்காரருடன் கடைகடையாகச் சென்று தேர்ந்தவர் அவரே. வாழ்நாளில் அவர் தாமாகச் செய்துகொண்ட தேர்வு அஃதொன்றே எனலாம்.

அலுவலகத்தார் அன்று அவரைப் பாராட்டினர். உண்மையில் பாராட்டியது மேலங்கியைத்தான். அன்றிரவே திருடர் அதனைப் பறித்தனர். முறையிடச் சென்றவரைப் பெரிய அதிகாரி ஒருவர் அதட்டி விரட்டினார். காய்ச்சல் கண்டு அவர் மாண்ட செய்தி, நாட்கள் சில சென்ற பின்னரே அலுவலகத்துக்கு எட்டியது. வாழ்ந்தபோது எதையும் கேளாதவர், ஆவியாகி நகரத்தாரின் மேலங்கிகளைப் பறித்தார். அந்த அதிகாரியின் மேலங்கி கைக்கு வந்த பின்னரே ஓய்ந்தார்.

மேலங்கி போனதும் மனிதரே இல்லாமற்போனது அவரது குறையன்று. மேலங்கியை மட்டுமே காணப் பழகிய சமூகத்தின் குறை. அக்கதையிலும் விதிவிலக்காக ஓர் இளம் எழுத்தர் உண்டு. பிறரோடு சேர்ந்து அக்காக்கியைக் கேலி செய்த அவர், தம்மைத் துன்புறுத்த வேண்டா என்ற அம்முதியவரின் குரலில் ஓர் உடன்பிறப்பின் குரலைக் கேட்டு, திகைத்து நின்றார். அன்று அக்காக்கி அணிந்திருந்தது பழைய கந்தல்தான்.