வாஸ்கோடகாமாவின் மாலுமிகளும் ஈறு நோயும்

கடற்பயணத்தின் ஆபத்து என்றதும் புயலையும் கொள்ளையரையும் நினைப்பது நம் வழக்கம். பாய்மரக் கப்பல்களில் நெடுந்தூரம் சென்ற ஐரோப்பிய மாலுமிகளுக்கோ அவற்றினும் கொடிய எதிரி வேறொன்று இருந்தது. ஊரைவிட்டுப் புறப்படும்போது உறுதியாக இருந்த பல், சில மாதங்களில் ஆடத் தொடங்கும். ஈறுகள் வீங்கிக் கறுத்துப் பல்லையே மூடிக்கொள்ளும். உப்புக்கண்டமும் கல்லைப்போன்ற ரொட்டியுமே உணவாக இருந்த கப்பலில், மெல்ல முடியாதவன் பட்டினி கிடக்கவேண்டியதுதான். இந்நோயை ஆங்கிலேயர் ஸ்கர்வி என்றனர்.

வாஸ்கோடகாமா 1497 ஜூலையில் லிஸ்பனிலிருந்து புறப்பட்டு, 1498 மே மாதம் கள்ளிக்கோட்டையை அடைந்தார் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். அவருடன் சென்ற ஒருவர் எழுதிய பயணக் குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. சாமூதிரி மன்னருடன் நடந்த பேச்சுகளுக்காகவே பலரும் அதனைப் படிப்பர். அம்மாலுமிகளின் வாயைப்பற்றி அதில் வரும் சில வரிகளே இக்கட்டுரைக்குப் பொருள்.

1498 ஜனவரியில், இன்றைய மொசாம்பிக் நாட்டுக் கரையில் ஓர் ஆற்றுமுகத்தில் கப்பல்கள் 32 நாட்கள் தங்கின. அங்கே பலருக்குக் கைகால்கள் வீங்கின. ஈறுகள் பற்களின்மேல் வளர்ந்து, உண்ண முடியாமற் போயிற்று. ஏப்ரலில் மொம்பாசாவை அடைந்தனர். அந்நகர மன்னர் ஓர் ஆட்டையும், ஆரஞ்சு, எலுமிச்சை, கரும்பு ஆகியவற்றை ஏராளமாகவும் அனுப்பிவைத்தார். நோயாளிகள் யாவரும் நலமடைந்தனர். குறிப்பாசிரியர் அதற்குச் சொல்லும் காரணம், அவ்வூர்க் காற்று மிக நல்லது என்பதாம்! பழம் வந்ததையும் எழுதியிருக்கிறார், நோய் நீங்கியதையும் எழுதியிருக்கிறார்; இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. அவரைக் குறைகூறுவது முறையன்று. கெட்ட காற்றே நோய்க்கு மூலம் என்று அக்கால ஐரோப்பிய மருத்துவர்களே நம்பியிருந்தனர்.

வரும்போது தென்மேற்குப் பருவக்காற்று துணைநின்றது. மாலிந்தியிலிருந்து இந்தியக் கரையைக் காண மூன்று வாரத்திற்குச் சற்றுக் கூடுதலாகவே ஆயிற்று. திரும்பும்போது நிலைமை வேறு. வடகிழக்குக் காற்று நிலைபெறும்வரை பொறுக்காமல், அக்டோபர் 5ஆம் நாள் அஞ்சதீவிலிருந்து புறப்பட்டனர். அரபிக்கடலில் பாய் விரித்துப் பழகிய எவரும் அவ்வாறு செய்திருக்கமாட்டார். எதிர்க்காற்றிலும், காற்றே இல்லாத நாட்களிலும் சிக்கி, மூன்று மாதத்திற்கு மூன்று நாள் குறைவாக நடுக்கடலில் தவித்தனர். மீண்டும் ஈறுகள் வீங்கிப் பற்களை மூடின. முப்பது பேர் மாண்டனர். அதற்கு முன்னரே முப்பது பேர் இறந்திருந்தனர். ஒவ்வொரு கப்பலிலும் வேலை செய்யக்கூடியவர் ஏழெட்டுப் பேரே எஞ்சினர்.

1499 ஜனவரி 7ஆம் நாள் மாலிந்தியில் நங்கூரம் பாய்ச்சினர். நோயாளிகள் அப்போது பெரிதும் விரும்பியது ஆரஞ்சுப் பழம்! தளபதி ஆளனுப்பினார், மறுநாள் பழங்கள் வந்தன. எனினும் பலர் பிழைக்கவில்லை. குறிப்பாசிரியர் இம்முறையும் தட்பவெப்பத்தின்மீதே பழியைப் போடுகிறார். மொம்பாசாவில் உண்ட பழத்தின் நினைவு அந்தக் கூலி மாலுமிகளுக்கு இருந்தது என்றே நான் கருதுகிறேன். எழுதத் தெரிந்தவர் காற்றைப் பார்த்தார். வாய் புண்ணானவர் பழத்தைக் கேட்டார். ஆள் போதாமையால் சான் ரஃபேல் என்னும் கப்பலைத் தாங்களே தீயிட்டுக் கொளுத்திவிட்டு ஊர் திரும்பினர்.

அடுத்து இரண்டரை நூற்றாண்டு தாண்டவேண்டும். 1747இல் சாலிஸ்பரி என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர், இந்நோயுற்ற 12 பேரை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஒரு சாராருக்குக் கடல்நீர், ஒரு சாராருக்குக் காடி, இவ்வாறாக. நாளொன்றுக்கு இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். கப்பலில் இருந்த பழமோ ஆறே நாளில் தீர்ந்துபோயிற்று! ஆயின், கெடாமல் வைத்திருக்கச் சாற்றைச் சுண்டக் காய்ச்சும் முறையை லிண்ட் பரிந்துரைத்ததில் ஒரு கேடு விளைந்தது. காய்ச்சக் காய்ச்ச அதன் ஆற்றல் குன்றும். பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றைத் தன் மாலுமிகளுக்கு வழங்க இசைந்தது 1795இல்தான்.

அந்த ஆற்றல் இன்னதென்பது 1930களில் தெளிவாயிற்று. அதுவே வைட்டமின் சி. வகுப்பில் நாம் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடும் பொருள் இது. பல்லைத் தாடையெலும்போடு பிணைக்கும் நார்களை உடல் ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. வைட்டமின் சி இன்றேல் அப்பணி நின்றுவிடும். ஆகவேதான் பல் ஆடுகிறது, ஆறிய பழம்புண்ணும் திறக்கிறது. மனித உடலால் இப்பொருளை ஆக்கிக்கொள்ள இயலாது. எலியின் உடலால் இயலும். அதே கப்பலில், அதே ரொட்டியைக் கொறித்து வந்த எலிகளுக்கு இந்நோய் வரவில்லை.